முள் நடுவில்தான் இருந்தது

அப்பு,

ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. மளிகைச் சாமான் பட்டியல்கூட உன் அக்கா இந்த வீட்டில் இருந்தவரை அவள்தான் எழுதுவாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் நடுவில் நிறுத்திவிடாதே. இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. நீ வாசித்த பிறகு உன் மனைவியாக வரப்போகிறவள் வாசிக்கட்டும். உன் அக்கா, அவள் வீட்டுக்காரர், அவளுடைய மாமனார் மாமியார் எல்லாரும் வாசிக்கட்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முப்பது பேர் பார்க்க உன்னை ஒரு சொல் சொன்னார்கள். அதை உன் காதோடு மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டால் நியாயமாக இருக்காது.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். போன மாதம் ஃபோனில், "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம கார்லயே வந்துரு சாமி" என்று ஆசையாகச் சொன்னேன். "அந்தக் கார் வேணாம்மா. நான் ஆட்டோவுல வந்து எறங்கிக்கிறேன்" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, கல்யாண மாப்பிள்ளை ஆட்டோவில் வந்து இறங்கினால் திண்டுக்கல்லே கைகொட்டிச் சிரிக்கும் என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. "அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவர் எனக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாக இதே கதைதான். தீபாவளிக்கு வருவாய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிடுவாய், "அப்பாவுக்கு இன்னும் ரெண்டு கறி வைம்மா" என்பாய். அவர் "அவனுக்கு இட்லி போடு" என்பார். நடுவில் நான் தபால்காரி. இப்படியே விட்டால் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில்கூட நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் நீயும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான். நீங்கள் பேசாமல் போனதற்குக் காரணம் நீ இல்லை. முழுக்க உன் அப்பாவும் இல்லை. நான்தான்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சிறுமலை அடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. நாகல் நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனுஷனுக்கு, தான் பிறந்த வருஷத்துக் கார் எதற்கு என்று நான் கேட்டேன். "ஒனக்குத் தெரியாது புள்ள, இது மாதிரி இரும்பு இப்பக் கெடையாது" என்றார். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்கடியில்தான் படுத்துக் கிடந்தார். உன்னிடம் மாறி மாறி ஸ்பேனர் கேட்பார், நீ சரியான அளவை எடுத்துக் கொடுத்துவிட்டால் சட்டைப் பையில் இருக்கிற கடலை மிட்டாயை நீட்டுவார். எனக்கு உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருக்கும். கடைசியில் கறுப்பாகப் பளபளவென்று கார் தெருவில் இறங்கியபோது அதிகம் பீற்றிக்கொண்டது நான்தான். மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போவதற்குக்கூட முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உன் அக்காவுக்குப் பழனியில் இடம் அமைந்தது. பூ வைக்க வருகிற மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை நாமே கார் அனுப்பி அழைத்து வருகிறோம் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அவர்கள் யாரும் கேட்கவில்லை. நம் வீட்டில் கார் இருக்கிறது என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வாக்குக் கொடுத்த நாலாவது நாள் காருக்கடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ரேடியேட்டர், அதுதான் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்ப் பெட்டி, ஓட்டையாகிவிட்டது. உன் அப்பா பார்த்துவிட்டு, "ஈயம் பத்த வெச்சு ஓட்டைய அடைக்காம வண்டிய எடுக்கக் கூடாது. அவங்களுக்கு வேற டாக்சி சொல்லிருவோம்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து உன் பெரிய மாமா ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார். காய்கறி லாரி ஓட்டுகிறவர், அவரிடம் ரகசியமாகக் கேட்டேன். "அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறியா கண்ணு? ஒரு ஸ்பூனு மஞ்சத்தூளப் போட்டு வுடு, ஓட்டை தானா அடைச்சுக்கும். கேரளா லோடு போறப்ப நாங்க இப்புடித்தான் சமாளிச்சுக்கிட்டு வருவோம்" என்றார்.

மறுநாள் உன் அப்பா கடைக்குப் போன பிறகு ஒரு ஸ்பூன் போட்டேன். சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. சாம்பாருக்குப் போடுகிற பொருள்தானே, கூடிப்போனால் என்ன ஆகிவிடும் என்று அடுத்த நாள் ஒரு கை அள்ளிப் போட்டேன். மனசு கேட்காமல் சாயங்காலம் மிச்சப் பொட்டலத்தையும் கவிழ்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் தரை காய்ந்து கிடந்தது. உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "கிளிப்பு லூசா இருந்துருக்கும் போல, தானா நின்னுருச்சு" என்றார். நான் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டேன் அப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பூ வைக்கிற அன்றைக்கு, பந்தலையும் பந்தியையும் பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டில் இருந்துகொண்டார். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆன உன்னை அனுப்பினார். போகும்போது, இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ஹீட் முள்ளு மேலயே ஒரு கண்ணு இருக்கட்டும்லே. நடுவத் தாண்டுச்சுன்னா ஓரங்கட்டி நிறுத்திரு." நீ தலையாட்டினாய். பழனிக்கு நல்லபடியாகப் போய்விட்டாய். திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் தாண்டி, ஒரு மரம்கூட இல்லாத பொட்டல் வெளியில் பொசுக்கென்று ஆவி கிளம்பி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பட்டுச்சேலை கட்டிய அந்த அம்மாவும் வயசான பெரியவரும் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். கடைசியில் தக்காளி ஏற்றின வேனில் வந்து நம் வாசலில் இறங்கினார்கள். நல்ல மனுஷர்கள், முகம் சுளிக்கவில்லை, பூவும் வைத்தார்கள். உன் அப்பாதான் அவமானத்தில் வெந்துபோய் நின்றார்.

"முள்ளு நடுவுலதான்ப்பா இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றாய் நீ. இன்ஜின் இறுகுகிற அளவுக்குக் கொதித்த காரில் முள் எப்படி நடுவில் நிற்கும்? மிஷின் பொய் சொல்லாது என்று அவருக்கு இருக்கிற நம்பிக்கைதான் உனக்குத் தெரியுமே. பந்தலில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "ஏலே, வண்டி போனாப் போகுது. பெத்த அப்பன்கிட்டயே பொய் சொல்றியே, வெக்கமா இல்ல? பொய் சொல்ற வாய்க்கு இந்த வீட்டுல சோறு கெடையாது" என்றார். நீ மறுபடியும் அதையேதான் சொன்னாய், முள் நடுவில்தான் இருந்தது என்று. அப்புறம் கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

நீ பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். உனக்குப் பொய் வராது. ஏழு வயதில், விருந்துக்கு வந்த உன் அத்தை குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது, "அது நேத்து வெச்சது அத்தை, அம்மா சுட வெச்சுருக்கு" என்று சபையில் என் மானத்தை வாங்கினவன் நீ. பந்தலில் நீ நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு மஞ்சள் பொட்டலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் போய் எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று மட்டும் புரிந்தது. முள் ஏன் ஏறவில்லை என்று புரியவில்லை. ஆனால் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் அப்பா கத்துவார் என்று பயந்தேன் என்றால் அது பாதி உண்மைதான். சம்பந்தி அம்மா முன்னால், காரில் மஞ்சள் தூளைக் கொட்டின பட்டிக்காட்டுப் பொம்பளை என்று ஆகிவிடுவேனே என்றுதான் அதிகம் பயந்தேன். என் கௌரவத்துக்காக உன் மானத்தை விட்டுக்கொடுத்தேன்.

பிறகு மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். "ரேடியேட்டர் பூரா சேறா அடைச்சுருக்கு. பழைய வண்டி, எல்லாம் துருதான்" என்றார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். உன் அப்பா அப்போதும், "அடைச்சா சூடு ஏறத்தான் செய்யும், அதக் காட்டத்தான் முள்ளு இருக்கு. இவன் பராக்குப் பாத்துக்கிட்டு ஓட்டிட்டு, பாத்தேங்கிறான்" என்றார். அடுத்த மாதம் நீ கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பினாய். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, நினைவிருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி என்று ஆயிரம் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எதுவும் தானாகச் சரியாகவில்லை, அப்பு. உன் வீட்டில் நாளைக்கு நீயோ அவளோ ஒரு தப்புச் செய்தால் அன்றைக்கே, சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்ல வருகிறவரை முழுசாகச் சொல்ல விடுங்கள்.

இன்ஜினை மாற்றினபோது மெக்கானிக் பழைய மீட்டரை அப்படியே எடுத்து மாட்டினார்; அதற்குப் பிறகும் வண்டி ஓடும்போதெல்லாம் முள் நடுவிலேயே நின்றது. கார் நன்றாக ஓடியதால் அதுதான் சரியான இடம் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டார். போன மாதம் உன் கல்யாணத்துக்கு மலை வாழைப்பழம் சொல்லி வைக்க நானும் அவரும் சிறுமலைக்குப் போனோம். பத்தாவது வளைவோ பதினோராவதோ, ஃபேன் பெல்ட் அறுந்து முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி. அவர் சட்டென்று ஓரங்கட்டி நிறுத்திவிட்டார், கார் தப்பித்தது. ஆனால் அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டாஷ்போர்டையே வெறித்துக்கொண்டு இருந்தார். வெளியே அவ்வளவு ஆவி, உள்ளே முள் அசையாமல் நடுவில் நிற்கிறது. "நீயும் பாத்தீல்ல? முள்ளு நடுவுலதான இருந்துச்சு?" என்று கேட்டார். அப்படியே நீ பேசின வார்த்தை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகு அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மீட்டரைச் சோதிக்க உட்கார்ந்தார். இன்ஜின் தலையில் ஒரு குழிக்குள் செம்புக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் முள் வரைக்கும் போகிறது. குமிழுக்குச் சூடு பட்டால் முள் ஏறும். இதெல்லாம் அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் திறக்காத நட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துத்தான் கழற்ற முடிந்தது. "கொதிக்கக் கொதிக்க ஒரு சட்டி தண்ணி கொண்டா" என்றார். கொண்டுபோனேன். குமிழை உருவினார். கெட்டியாகச் சேறு அப்பியிருந்தது. அப்படியே தண்ணீரில் முக்கினார். முள் மெதுவாக ஊர்ந்து வந்து நடுவில் நின்றுகொண்டது. "மீட்டர்தான் போச்சு" என்றவர், குமிழை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்து, "துரு" என்றார்.

சட்டித் தண்ணீர் லேசாக மஞ்சளாகக் கலங்கியிருந்தது. துரு என்று அவரே சொல்லிவிட்டார், இன்னொரு தடவையும் நான் தப்பித்துக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. "துரு இல்லைங்க. மஞ்சத்தூளு. நான் போட்டது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் மாமா சொன்ன ஒரு ஸ்பூனிலிருந்து நான் கவிழ்த்த பொட்டலம் வரைக்கும். அதுவே ரேடியேட்டரையும் அடைத்திருக்கிறது, குமிழையும் மூடியிருக்கிறது. கையிலிருக்கிற ஸ்பேனர் பறந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். "அப்ப பய சொன்னது நெசம்" என்றார். அப்புறம், "ஒம்போது வருசம் புள்ள" என்றார். கிரீஸ் துணியாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார்.

நான் காலில் விழாத குறையாக, எல்லாம் என் தப்புதான், என்னைத் திட்டுங்கள் என்று அழுதேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ மஞ்சத்தூளத்தான் போட்ட. பொய்யன்னு சொன்னது நான்ல? நீ சொல்லாட்டி என்ன, எம்புள்ளய எனக்குத் தெரிஞ்சுருக்க வேணாமா?" பிறகு குமிழை உப்புத்தாள் வைத்துப் பளிச்சென்று தேய்த்தார். நான் இன்னொரு சட்டி வெந்நீர் கொண்டுவந்தேன். முக்கினதும் முள் விறுவிறுவென்று ஏறி, சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் அரை மணி நேர வேலை.

அன்று மத்தியானம் உனக்கு ஃபோன் போட்டார். மூன்று தடவை நம்பரை அமுக்கி, மணி அடிக்கிறதுக்குள் வைத்துவிட்டார். "என்னான்னு ஆரம்பிக்க?" என்று என்னிடம் கேட்கிறார். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அதட்டல் போட்ட மனுஷன். நான் பேசித் தருகிறேன் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "நீ பேசிப் பேசித்தான் இந்த லட்சணம். நேர்லயே போவோம்" என்றார். சாயங்காலமே காரைக் கழுவிப் புது பெல்ட் மாட்டிவிட்டார். உன் கம்பெனிக்கு வாரலீவு என்றைக்கு என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆகவே, அப்பு, நாளைக் காலையில் அந்தக் காரிலேயே கோயம்புத்தூர் வருகிறோம். உன் மாடி அறைக்கு நான் மட்டும் ஏறி வந்து இதை உன் கையில் கொடுப்பேன். நீ வாசித்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன், அது எனக்கு எம்புட்டுக் கஷ்டம் என்று உனக்கே தெரியும். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், பெற்றவள் வேறு எங்கே போய்க் கேட்பேன்? நீ ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரிதான் என்று வாங்கிக்கொள்வேன். மாப்பிள்ளை அழைப்புக்கு ஆட்டோவில் வந்தாலும் நானே ஆரத்தி எடுப்பேன்.

உன் அப்பா கீழே தெருவில் நிற்பார். கூப்பிடாமல் மேலே வரமாட்டேன், எந்த முகத்தோடு வர என்று இப்போதே சொல்லிவிட்டார். என் மேல் இருக்கிற கோபத்தை அப்புறம் சாவகாசமாகக் காட்டு, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். இப்போது எழுந்து ஜன்னலைத் திற. என்னிடம் சொல்லி அனுப்பாதே. நீயே கூப்பிடு.

அம்மா